விழுந்தால் தூக்க முடிகிற வண்டி: லேசான டிரெயில் பைக்குகளின் கதை

போன வருஷம், மழை விட்ட ஒரு காலையில், கொல்லிமலையில் ஒரு காப்பித் தோட்டத்து மண் பாதையில் விழுந்தேன். விழுந்தேன் என்று சொல்வதே கொஞ்சம் பெருமைக்காகத்தான். வண்டி மெதுவாகச் சாய்ந்தது, நானும் கூடவே சாய்ந்தேன். வேகம் மணிக்கு 5 கிலோமீட்டர் இருந்திருந்தால் அதிகம். வாடகைக்கு எடுத்த அட்வென்சர் பைக்; பெட்ரோலோடு 200 கிலோவுக்குப் பக்கம். பாதை சோப்பு தேய்த்த மாதிரி இருந்தது. ஒரு திருப்பத்தில் இடது காலை ஊன்றினேன். ஊன்றின இடத்தில் தரை இல்லை, சரிவு. அவ்வளவுதான்.

மூன்று தடவை தூக்கிப் பார்த்தேன். மூன்றாவது தடவை இடுப்பில் ஏதோ 'சுருக்'கென்றது, விட்டுவிட்டேன். அப்போதுதான் கீழே இருந்து ஒரு பெரியவர் டிவிஎஸ் எக்ஸ்எல்லில் ஏறி வந்தார். முன்னால் ஒரு மூட்டை, பின்னால் இரண்டு வாழைத்தார். வண்டியை நிறுத்தி, "தம்பி, அடி ஏதும் படலீங்களே?" என்றார். இரண்டு பேருமாகத் தூக்கி நிறுத்தினோம். "இது எத்தனை கிலோங்க தம்பி?" "இருநூறு வரும்ங்க ஐயா." அவர் வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். "ரோட்டுக்கு நல்லாருக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டு, நான் விழுந்த அதே திருப்பத்தில், இரண்டு காலையும் தொங்கவிட்டு, வாழைத்தாரோடு ஏறிப் போய்விட்டார்.

அவர் வண்டிக்கு கியர் கிடையாது, கையில் கிளட்ச் கிடையாது, மொத்த எடை 90 கிலோவுக்குள். கொஞ்ச நாள் கழித்து ஆபீஸில் கூட வேலை செய்கிற தம்பி ஒருத்தர், "அண்ணே, ஆஃப்ரோடு கத்துக்கணும்னு ஆசை. 450 எடுக்கலாமா, இல்ல 200 போதுமா?" என்று கேட்டார். பதில் சொல்ல உட்கார்ந்தேன். தேடப் போனால் இந்தக் கேள்வி அறுபது வருஷத்துக்கு மேல் பழையது. கேட்டவர்கள் அமெரிக்காவில் மான் வேட்டைக்குப் போனவர்கள். அந்தக் கதையிலிருந்து ஆரம்பித்தால்தான் தம்பிக்குச் சரியான பதில் சொல்ல முடியும் என்று தோன்றியது.

முதலில் ஒரு தெளிவு. ஆஃப்ரோடு என்றதும் நம் கண்ணில் வருவது மோட்டோகிராஸ் பந்தயம்: மண் மேட்டில் பறக்கிற வண்டிகள். நான் பேசப்போவது அது இல்லை. ஒற்றையடிப் பாதை, கல், சேறு, ஓடை, மரவேர். அதில் சராசரி வேகம் மணிக்கு 15, 20 கிலோமீட்டர். நடுநடுவே நின்று வழி பார்த்து, தண்ணீர் குடித்துப் போவது. இதற்கென்று செய்த வண்டிக்குத்தான் டிரெயில் பைக் என்று பெயர்.

1950களில் அமெரிக்காவில் அப்படி ஒரு வண்டியே கடையில் கிடையாது. கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்தில் ஓட்டினவர்கள் பிரிட்டிஷ் சாலை வண்டிகளை வாங்கி, மட்கார்டையும் லைட்டையும் கழற்றி எறிந்து, அகலமான ஹேண்டில்பாரும் பொத்தான் டயரும் மாட்டிக்கொண்டார்கள். இவற்றுக்கு 'டெசர்ட் ஸ்லெட்' என்று பெயர். ட்ரையம்ப் 650 தான் அதில் ராஜா. 'தி கிரேட் எஸ்கேப்' படத்தில் முள்வேலி தாண்டுகிற வண்டி நினைவிருக்கிறதா? ஜெர்மன் ராணுவ வண்டி மாதிரி வேஷம் போட்ட ட்ரையம்ப் அது. தாண்டியது ஸ்டீவ் மெக்வீன் இல்லை, அவருடைய நண்பர் பட் எகின்ஸ். அடுத்த வருஷம், 1964இல், இரண்டு பேருமே கிழக்கு ஜெர்மனியில் நடந்த ஆறு நாள் பந்தயத்துக்கு ட்ரையம்ப்பிலேயே போனார்கள். 150 கிலோவைத் தாண்டின இரட்டை சிலிண்டர் வண்டிகள். திறந்த பாலைவனத்தில் நேராக விரட்ட அருமை. மலைக்காட்டில் ஒற்றையடிப் பாதைக்கு? நான் கொல்லிமலையில் பட்ட பாடுதான்.

மலைப்பக்கத்து ஆட்கள் வேறு வழி தேடினார்கள். யூட்டா மாநிலத்தில் ப்ரோவோ என்ற ஊர்க்காரர் ரால்ஃப் பான்ஹம், வேட்டைக்குப் போய் மலையேறி அலுத்தவர். 1958 வாக்கில் அவர் ஒரு இரும்புச் சட்டம், குட்டையான இரண்டு தடிச் சக்கரம், புல்வெட்டும் மெஷினில் வருகிற மாதிரி ஒரு சின்ன எஞ்சின், இதை வைத்து 'டோட் கோட்' என்று ஒரு வண்டி செய்தார். சுமை தூக்கும் ஆடு என்று அர்த்தம் வைத்துக்கொள்ளலாம். பார்க்க லட்சணமாக இருக்காது. வேகமும் இல்லை. ஆனால் மான் உடலைக் கட்டிக்கொண்டு மலையிறங்கும். இந்த ஆட்டை மனசில் வையுங்கள், பின்னால் இன்னொரு ஆடு வரும்.

பக்கத்து மாநிலமான ஐடஹோவில் போய்சி என்று ஊர். அங்கே ஹெர்ப் யூல் என்கிற ஹோண்டா டீலர். ஹோண்டா அப்போதுதான், 1959இல், லாஸ் ஏஞ்சலஸில் கடை திறந்திருந்தது. விற்க வந்த முக்கியமான வண்டி 50 சிசி சூப்பர் கப்: 1958இல் ஜப்பானில் வந்தது, நாலரை குதிரைசக்தி, 3 கியர், கையால் கிளட்ச் பிடிக்க வேண்டாம். ஜப்பானில் நூடுல்ஸ் கடைப் பையன் ஒரு கையில் தட்டைத் தாங்கிக்கொண்டு ஓட்ட வேண்டும் என்று யோசித்துச் செய்த வண்டி என்பார்கள். நகரத்து வண்டி. காட்டைப் பற்றி யாரும் கனவு கூடக் காணவில்லை.

அமெரிக்க ஹோண்டாவின் விற்பனை மேலாளர் ஜாக் மெக்கார்மக் பின்னாளில் சொன்ன கதை இது. போய்சி மாதிரி ஒரு சின்ன ஊரில் இருக்கிற டீலர், லாஸ் ஏஞ்சலஸ் டீலர்கள் எல்லாருமாகச் சேர்ந்து விற்பதைவிட அதிகமாக ஹோண்டா 50 விற்கிறாராம். எப்படி? கூப்பிட்டுக் கேட்டால் யூல் சாதாரணமாகச் சொல்லியிருக்கிறார்: நான் இதை மலைக்குப் போகிற வண்டியாக விற்கிறேன். அவர் செய்தது இரண்டே வேலை. பின்சக்கரத்தில் பெரிய ஸ்ப்ராக்கெட். பொத்தான் வைத்த டயர். எஞ்சினைத் தொடவே இல்லை.

மெக்கார்மக் ஒரு மாதிரியை ஜப்பானுக்கு அனுப்ப, அவர்களும் 1961இல் 'டிரெயில் 50' என்று கம்பெனி வண்டியாகவே விட்டார்கள். அதில் ஒரு வேடிக்கை உண்டு. பின்சக்கரத்தில் இரண்டு ஸ்ப்ராக்கெட்: சாலைக்கு 40 பல், காட்டுக்கு 72 பல். காட்டுக்குள் நுழையும்முன் வண்டியை நிறுத்தி, செயினைக் கழற்றி, கூடவே கொடுத்திருக்கிற செயின் துண்டைச் சேர்த்துப் பெரிய பல்லில் மாட்டணும். திரும்பி வரும்போது மறுபடி கழற்றணும். கையெல்லாம் கிரீஸ்.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம், ஏனென்றால் மொத்த விஷயமும் இதில்தான் இருக்கிறது. 72-ஐ 40-ஆல் வகுத்தால் 1.8. அதாவது எஞ்சின் அதே எஞ்சின், ஆனால் பின்சக்கரத்தில் கிடைக்கிற இழுவை 1.8 மடங்கு. பதிலுக்கு எந்த கியரிலும் வேகம் அதே அளவு குறைகிறது. சாலையில் இது நஷ்டம். காட்டில் நஷ்டமே இல்லை, யாரும் அங்கே 60இல் போகப்போவதில்லை. இறக்கத்தில் த்ராட்டிலை விட்டால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும், பிரேக்கை அழுத்தி வழுக்க வேண்டியதில்லை. புதுசாக ஓட்டுகிறவன் விழுகிற இடங்களில் முக்கியமானது எது தெரியுமா? ஏற்றத்தில் பாதியில் எஞ்சின் ஆஃப் ஆகிற இடம். கியர் தாழ்வாக இருந்தால் ஆஃப் ஆகாது. கிளட்ச் தானியங்கி என்றால் ஆஃப் ஆக வழியே இல்லை. கொல்லிமலைப் பெரியவர் வாழைத்தாரோடு ஏறிப்போன ரகசியமும் இதுவேதான். யூலுக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லாமல் ஒரே முடிவு.

1960களின் நடுவில் 90 சிசி வந்தது. தசாப்தத்தின் முடிவுக்குள் சிடி90இல் அந்தச் செயின் கழற்றுகிற தொல்லையும் போனது: எஞ்சினுக்கு அடியில் ஒரு சின்ன நெம்பு, தள்ளினால் தாழ்ந்த வரிசை கியர். அதன் தம்பி சிடி110 ஆஸ்திரேலியாவில் தபால்காரர்களின் வண்டியாகப் பல பத்தாண்டுகள் ஓடியது. 2020இல் ஹோண்டா அதே உருவத்தை 125 சிசியில் மறுபடி விட்டது. ஒரு டீலர் கடையில் ஸ்ப்ராக்கெட் மாற்றினதற்கு அறுபது வருஷ ஆயுசு!

ஆனால் டிரெயில் கப்பைப் 'பைக்' என்று ஒத்துக்கொள்ளாத ஒரு கூட்டம் எப்போதும் உண்டு. இளைஞர்களுக்கு டேங்க் முன்னால் இருக்க வேண்டும், கிளட்ச் கையில் இருக்க வேண்டும். அவர்களுக்கான பதிலை யமஹா சொன்னது. 1967 டோக்கியோ கண்காட்சியில் காட்டி, 1968இல் விற்பனைக்கு வந்த டிடி-1. 246 சிசி, ஒற்றை சிலிண்டர், டூ-ஸ்ட்ரோக், எடை சுமார் 110 கிலோ. விலை 1,000 டாலருக்கும் குறைவு. அதற்கு முன்னால் அந்த எடைக்கு ஐரோப்பிய வண்டிகள் இருந்தன. ஸ்பெயினின் புல்டாகோ, ஸ்வீடனின் ஹுஸ்க்வர்னா எல்லாம் அருமையான வண்டிகள்தான், ஆனால் பந்தயக்காரர்களுக்கு. உதிரிபாகத்துக்குக் காத்துக்கிடக்கணும், தினம் ஏதாவது முடுக்கணும். டிடி-1 அப்படி இல்லை. திங்கள்கிழமை லைட், ஹாரன், நம்பர் பிளேட்டோடு வேலைக்கு, ஞாயிற்றுக்கிழமை காட்டுக்கு. அமெரிக்காவில் இருந்த யமஹாக்காரர்கள் இப்படி ஒன்று வேண்டும் என்று கேட்டுச் செய்யவைத்தது. மூன்று வருஷம் கழித்து 1971இல் ப்ரூஸ் பிரவுனின் 'ஆன் எனி சண்டே' ஆவணப்படம் வந்தபோது, பார்த்துவிட்டு வெளியே வந்தவர்களுக்கு வாங்க ஒரு வண்டி தயாராக இருந்தது.

ஐரோப்பாவைச் சொன்னதால் ஒரு வரி. ட்ரையல்ஸ் என்ற போட்டியில் பாறைமேல் காலை ஊன்றாமல் ஏறவேண்டும். அதில் அசைக்க முடியாத ஆளாக இருந்த சாமி மில்லர் ஓட்டினது 500 சிசி ஏரியல். 1964 கடைசியில் அதை விட்டுவிட்டு, அதில் பாதி சிசி கூட இல்லாத 244 சிசி புல்டாகோவுக்குப் போனார். 1965இல் ஸ்காட்லாந்து ஆறு நாள் ட்ரையல்ஸை அதில் ஜெயித்தார். கனமான நாலு-ஸ்ட்ரோக் வண்டிகளின் காலம் அந்த விளையாட்டில் அதோடு முடியத் தொடங்கியது. பெரிய எஞ்சின் வேண்டும் என்று வாதாடுகிறவர்களுக்கு நான் காட்டுகிற உதாரணம் இது.

இதற்குப்பிறகு கதை கொஞ்சம் கெட்டது. அதாவது புதியவர்களுக்குக் கெட்டது. பந்தயக்காரர்களுக்கு அதுதான் பொற்காலம்.

1970களில் மோட்டோகிராஸ் பெரிய வியாபாரம் ஆனது. ஹோண்டா 1973இல் எல்சினோர் 250-ஐ விட்டது. யமஹா ஒற்றை ஷாக் வைத்த பின் சஸ்பென்ஷனைக் கொண்டுவந்தது. வருஷத்துக்கு வருஷம் சஸ்பென்ஷன் பயணம் கூடியது. சக்கரம் 10 சென்டிமீட்டர் ஏறி இறங்கின காலம் போய் 30 சென்டிமீட்டர் ஆனது. இதன் பக்கவிளைவை யாரும் விளம்பரத்தில் போடவில்லை. சக்கரம் அவ்வளவு மேலே ஏற இடம் வேண்டும், ஆகவே மொத்த வண்டியும் உயரணும், சீட்டும் உயரணும். 1980களில் பந்தய வண்டியின் சீட் தரையிலிருந்து 95 சென்டிமீட்டரைத் தொட்டது. ஐந்தரை அடி ஆளுக்குக் கால் உள்பக்க நீளம் 75 சென்டிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். மீதி 20 சென்டிமீட்டருக்கு அவன் எங்கே போவான்? கட்டைவிரல் நுனியில் நிற்பான். நின்று பழகாதவன் விழுவான். நல்ல பந்தயக்காரனுக்கு இது பிரச்சினையே இல்லை, அவன் நிற்பதே இல்லை. எஞ்சினும் அப்படித்தான்: கீழ் சுற்றில் சும்மா கிடந்து, மேலே போனதும் குபீரென்று கிளம்புகிற டூ-ஸ்ட்ரோக். பழகாதவன் கையில் அது பட்டாசு.

இன்னொன்றும் நடந்தது. கூட்டம் பெருத்தது, நிலம் கெட்டது. கலிபோர்னியாவின் பார்ஸ்டோவிலிருந்து லாஸ் வேகஸ் வரை பாலைவனத்தில் ஒரு பந்தயம். 1974இல் ஏறக்குறைய 3,000 பேர். ஒரே கோட்டில் நின்று ஒரே நேரத்தில் கிளம்பினார்கள். அந்தப் புழுதியை யோசித்துப் பாருங்கள். மண்ணும் செடியும் சின்னச் சின்ன உயிர்களும் என்ன ஆயின என்று மத்திய அரசின் நில நிர்வாகத் துறை ஆய்வு செய்தது. அடுத்த வருஷம் அனுமதி இல்லை. அதற்கு முன்பே, 1972 பிப்ரவரியில், அதிபர் நிக்சன் ஒரு ஆணை போட்டிருந்தார்: பொது நிலத்தில் எங்கே ஓட்டலாம், எங்கே கூடாது என்று ஒவ்வொரு துறையும் வரையறுக்க வேண்டும். 'எங்கே வேண்டுமானாலும்' என்ற காலம் முடிந்தது. சத்தத்துக்கும் புகைக்கும் கட்டுப்பாடு வந்தது. கலிபோர்னியாவில் இன்றைக்குப் பெரும்பாலான டர்ட் பைக்குகளுக்கு 96 டெசிபல்தான் எல்லை. டூ-ஸ்ட்ரோக் சாலை வண்டிகள் 1980களின் நடுவுக்குள் அமெரிக்கச் சந்தையை விட்டுக் கிட்டத்தட்ட மறைந்தன. டிடி-1 திறந்துவிட்ட கதவு பாதி சாத்தப்பட்டது. வேகமான வண்டிகள் சாத்தவைத்தன என்று நான் நினைக்கிறேன். மெதுவாகப் போகிறவன் பாதையை இவ்வளவு கெடுப்பதில்லை.

இந்தச் சூழலில்தான் இரண்டாவது ஆடு வருகிறது.

ஜப்பானில் 250 சிசி வரைக்கும் வண்டிகளுக்குக் கட்டாயப் பரிசோதனை கிடையாது. அதனால் அங்கே 250 ஒரு மாயக்கோடு. எல்லாக் கம்பெனியும் அந்தக் கோட்டை முட்டிக்கொண்டு 249 சிசி வண்டி செய்து, யாருக்குக் குதிரைசக்தி அதிகம் என்று சண்டை போட்டார்கள். 1985இல் யமஹா ஒரு வண்டி விட்டது. 223 சிசி. 250-க்கு இடம் இருந்தும் 223! நாலு-ஸ்ட்ரோக், காற்றுக்குளிர்ப்பு, 20 குதிரைசக்தி. எடை 102 கிலோ, சீட் உயரம் சுமார் 81 சென்டிமீட்டர். பெயர் செரோ. ஜப்பான் மலைகளில் செங்குத்துச் சரிவில் நிதானமாக ஏறி நிற்கிற, ஆட்டு இனத்தைச் சேர்ந்த ஒரு விலங்கின் பெயர். யூட்டாவின் டோட் கோட்டுக்கும் இதற்கும் நேரடி உறவு இல்லை. ஆனாலும் குதிரை, சிறுத்தை, புலி என்று பெயர் வைக்கிற தொழிலில், இரண்டு பேருக்கும் ஆடு தோன்றியிருக்கிறதே.

செரோவைச் செய்தவர்களின் யோசனை எனக்கு மிகவும் பிடித்தது. காட்டில் ஓட்டுகிறவன் பாதி நேரம் ஓட்டுவதில்லை. இரண்டு காலாலும் தரையைத் தள்ளித் தள்ளிப் போகிறான், தள்ளுகிறான், இழுக்கிறான், திருப்ப இடமில்லாமல் திணறுகிறான். சரி, அதற்கே வண்டி செய்வோம் என்றார்கள். இரண்டு சக்கரமும் இரண்டு காலும் சேர்ந்ததுதான் வண்டி என்பது அவர்கள் கணக்கு. அதனால் சீட் தாழ்வு. அதனால் ஹேண்டில்பார் இரண்டு பக்கமும் 51 டிகிரி வரை திரும்பும். ஒற்றையடிப் பாதையிலேயே வண்டியைச் சுற்றித் திருப்பலாம். ஹெட்லைட்டுக்குக் கீழே ஒரு கம்பி வைத்தார்கள். அழகுக்கு என்று நினைத்துவிடாதீர்கள். பள்ளத்தில் மாட்டினால் பிடித்து இழுக்க! 'எங்கள் வண்டி மாட்டிக்கொள்ளும், நீங்கள் இழுப்பீர்கள்' என்று முகத்திலேயே எழுதி ஒட்டின ஒரு கம்பெனி. எனக்குத் தெரிந்து மோட்டார்சைக்கிள் உலகத்தில் இவ்வளவு நேர்மை அபூர்வம்.

அந்த வண்டி 35 வருஷம் ஓடியது. இடையில் செல்ஃப் ஸ்டார்ட் வந்தது, 2005இல் 250 ஆனது, புகைக் கட்டுப்பாட்டால் 2017இல் நின்று 2018இல் திரும்பி வந்து, 2020இல் கடைசிப் பதிப்போடு முடிந்தது. அமெரிக்காவுக்கு எக்ஸ்டி225 என்றும், பிறகு எக்ஸ்டி250 என்றும் போனது. அதே 1980களில், குதிரைசக்தியில் செரோவைத் தோற்கடித்த வண்டிகளின் பெயர்களை இன்றைக்குச் சேகரிப்பாளர்கள்தான் சொல்வார்கள்.

அதே யமஹாவின் இன்னொரு விசித்திரம் 1987இல் வந்த டிடபிள்யூ200. தடித்தடி டயர், 79 சென்டிமீட்டர் சீட், எல்லாம் நிரப்பினால் 127 கிலோ. மணலில் சுகமாகப் போகும். வேகமாகப் போனால் பந்து மாதிரி துள்ளும். அமெரிக்காவில் பெரிய மாற்றம் இல்லாமல் முப்பது வருஷத்துக்கு மேலாக விற்கிறார்கள். சாலைக்கே போகாத வண்டி வேண்டும் என்பவர்களுக்கு அங்கே ஹோண்டா சிஆர்எஃப்250எஃப், யமஹா டிடி-ஆர் 230 என்று ஒரு வகை: லைட், நம்பர் பிளேட் எதுவும் இல்லை, காற்றுக்குளிர்ப்பு எஞ்சின், 115, 120 கிலோ. நன்றாகக் கற்றுக்கொள்ளலாம். ஆனால் 87, 88 சென்டிமீட்டர் சீட். குள்ளமானவர்களுக்கு டிடபிள்யூ200 தான் மேல். அந்த இரண்டும் நம் ஊரில் கிடைக்காது, ஆகவே இதோடு விடுகிறேன்.

நம் ஊருக்கு வருவோம். இந்தியாவில் இந்தக் கதை ரொம்பத் தாமதமாகத்தான் ஆரம்பிக்கிறது. ஹோண்டாவிலிருந்து பிரிந்த ஹீரோ 2011இல் 'இம்பல்ஸ்' என்று ஒரு 150 சிசி வண்டி விட்டது. பிரேசில் மண்சாலைகளுக்கு ஹோண்டா செய்த பிராஸ் என்ற வண்டிதான் அதன் மூலம். 134 கிலோ, 13 குதிரைசக்தி. இதே எஞ்சினோடு இதைவிட மலிவாகச் சாலை வண்டி கிடைக்கும்போது இது எதற்கு என்று ஜனங்கள் கேட்டார்கள். விற்கவில்லை, நிறுத்திவிட்டார்கள். நிறுத்தினபிறகுதான் எல்லாரும் தேட ஆரம்பித்தார்கள் என்பது வேறு கதை.

2019 மே மாதம் எக்ஸ்பல்ஸ் 200. முன்னால் 21 அங்குலச் சக்கரம், பின்னால் 18, தரை இடைவெளி 220 மில்லிமீட்டர், சீட் 823 மில்லிமீட்டர், 18 குதிரைசக்தி, 154 கிலோ. விலை அன்றைக்கு ஒரு லட்சத்தை ஒட்டி. உலகத்தில் இந்த விலைக்கு இப்படி ஒரு வண்டி வேறெங்கும் இல்லை என்று வெளிநாட்டுக்காரர்களே பொறாமைப்பட்டார்கள். 2024 கடைசியில் கவாசாகி கேஎல்எக்ஸ்230 வந்தது: 139 கிலோ, ஆனால் சீட் 88 சென்டிமீட்டர். லேசு, உயரம். எக்ஸ்பல்ஸ் கனம், தாழ்வு. இரண்டில் எது என்று கேட்டால் உங்கள் காலைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

குறிப்பு எழுதிக்கொண்டே வந்தபோது ஒரு விஷயம் கண்ணில் பட்டது. எல்லா லேசான வண்டியும் வயசாக வயசாகக் கனக்கிறது, நம்மை மாதிரியே. இம்பல்ஸ் 134. எக்ஸ்பல்ஸ் 154. பிஎஸ்6 விதி வந்ததும் 157. 2025இல் வந்த எக்ஸ்பல்ஸ் 210, 168 கிலோ. 1985 செரோ 102 கிலோ என்றேன். அது பெட்ரோல், ஆயில் ஊற்றாத எடை. இன்னும் ஏழெட்டு கிலோ கூட்டிக்கொள்ளுங்கள். கடைசி செரோ எல்லாம் ஊற்றி 133. யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. செல்ஃப் ஸ்டார்ட்டுக்கு மோட்டாரும் பெரிய பேட்டரியும், புகை விதிக்கு கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர், பிறகு ஏபிஎஸ், கூலிங், திரை. ஒவ்வொன்றும் நியாயமான காரணம்தான். மொத்தமாகத் தூக்கும்போதுதான் தெரியும். (பழைய விளம்பரங்களோடு ஒப்பிடும்போது ஜாக்கிரதை: அந்தக் காலத்தில் எல்லாரும் காய்ந்த எடையைத்தான் போடுவார்கள், இப்போது நிரப்பிய எடை. இந்த வித்தியாசம் தெரியாமல் சண்டை போடுகிறவர்கள் நிறைய.)

தம்பிக்கு நான் சொன்னது இதுதான். 450 நல்ல வண்டி, 196 கிலோ; லடாக் போகிற எண்ணம் இருந்தால் எடு. கற்றுக்கொள்ள வேண்டுமென்றால் ஷோரூமில் வண்டியை ஓட்டிப் பார்க்காதே, சாய்த்துப் பார். அனுமதி கேட்டு, ஒரு ஆளைப் பக்கத்தில் நிறுத்தி, ஹேண்டிலைப் பிடித்து 45 டிகிரிக்குச் சாய்த்து, தனியாக நிமிர்த்து. மூன்று தடவை நிமிர்த்த முடிந்தால் அது உன் வண்டி. அப்புறம் உட்கார், இரண்டு காலின் முன்பாதமாவது முழுசாகத் தரையில் படணும். குதிரைசக்தியைக் கடைசியில் கேள், கேட்காமலே விட்டாலும் தப்பில்லை. சாலை வேலை கம்மி என்றால் பின் ஸ்ப்ராக்கெட்டில் இரண்டு பல் கூட்டிப் போடு. ஹெர்ப் யூல் வைத்தியம், செலவு குறைவு.

"எங்கண்ணே ஓட்டறது?" என்றும் கேட்டார். அது நியாயமான கேள்வி. தமிழ்நாட்டில் காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவதே குற்றம். 1882ஆம் வருஷத்து வனச் சட்டம் இன்னும் உயிரோடு இருக்கிறது. புலிகள் காப்பகம் என்றால் இன்னும் கடுமை. வனத்துறைக்காரர் மடக்கினால் வண்டி ஸ்டேஷன் வாசலில் துரு ஏறும். பட்டா நிலம், நிலத்துக்காரர் சம்மதம், ஊராட்சி மண் சாலை, வறண்ட ஏரிக்கரையின் வெளிப்புறம்: இவ்வளவுதான் நம் மைதானம். அங்கேயும் ஆடு மேய்க்கிறவர் வந்தால் எஞ்சினை அணைத்துவிட்டு நிற்க வேண்டும். அமெரிக்கப் பாலைவனத்தில் 1974இல் நடந்தது இங்கே நடக்க 3,000 பேர் தேவையில்லை, முப்பது பேர் போதும்.

தம்பி இரண்டு மாசம் யோசித்தார். கடைசியில் ஷோரூம் வண்டி எதுவும் வாங்கவில்லை. நாமக்கல் பக்கம் ஒருத்தரிடம் பத்து வருஷத்துக்கு மேல் ஓடின ஒரு இம்பல்ஸ் பிடித்தார். முதல் ஞாயிற்றுக்கிழமை ஏழு தடவை விழுந்ததாகப் போன் செய்தார். கிளட்ச் லீவர் போச்சு, இடது இண்டிகேட்டர் போச்சு. "தூக்க முடிஞ்சுதா?" என்றேன். "ஏழு தடவையும் நானே தூக்கிட்டேன்ணே" என்றார். எட்டாவது ஆளாக நான் போக வேண்டுமாம். வருகிற ஞாயிறு போகிறேன், இந்த முறை வாடகை வண்டி இல்லாமல், அவருடைய வண்டியிலேயே மாற்றி மாற்றி.